இந்தியாவில் கிரகணம் பார்க்கும் விழாக்கள்

சூரிய கிரகணத்தைக் கண்ணுக்குத் தீங்கில்லாத முறையில் எல்லோரும் கூடிப் பார்ப்பதற்காகப் பள்ளித் திடல், கடற்கரை, கோளரங்க வளாகம், மொட்டைமாடி போன்ற இடங்களில் கட்டணமின்றி நடத்தப்படும் அறிவியல் நிகழ்ச்சிகள் கிரகணம் பார்க்கும் விழாக்கள் எனப்படுகின்றன. வருபவர்களே ஊசித்துளை அட்டை செய்வது, கண்ணாடித் துண்டால் சூரியனின் பிம்பத்தைச் சுவரில் வீழ்த்துவது, நிழலை அளப்பது எனக் கைவேலைகள் பலவும் இவற்றில் இடம்பெறும். குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை யாரும் கலந்துகொள்ளலாம்.

இன்று இயல்பாகத் தோன்றும் இவ்விழாக்களின் வரலாறு நீண்டதன்று. 1980ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டின் குறுக்கே ஒரு முழு சூரிய கிரகணம் கடந்து சென்றபோது பெரும்பாலான இந்தியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தனர். 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் நடுவே வளைய கிரகணம் கடந்தபோது ஊர் ஊராக மக்கள் திடலில் நின்றனர். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இந்த மாற்றத்துக்கு மேடைப் பேச்சு செய்த பணி குறைவு. சில ரூபாய் விலையுள்ள ஒரு கறுப்புத் தாளும் ஓர் உடைந்த முகக்கண்ணாடித் துண்டும் செய்த பணி அதிகம்.

கணிப்பவரும் பார்ப்பவரும்

கிரகணம் எப்படி நிகழ்கிறது என்பது இந்தியாவில் தெரியாதிருந்த செய்தி அன்று. கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில், சந்திரன் சூரியனை மறைப்பதையும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதையும் தெளிவாகவே கூறியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர்களும் கிரகண நேரத்தை முன்கூட்டிச் சொல்வதில் தேர்ந்தவர்கள். 1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்னும் நூலில் ஜான் வாரன் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, 1825 மே 31 – ஜூன் 1 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதுகோலே தேவைப்படவில்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடமே பிசகியது. நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டது. அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகெபௌர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்த பிறகு உலக அறிஞர்கள் இதைக் கவனித்தனர்.

ஆக, இதை வெறும் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கணிப்பு ஒருவரிடம் இருந்தது. அச்சம் மற்றவர்களிடம் இருந்தது. கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று பஞ்சாங்கம் சொன்னது. வீட்டில் இருந்தவர்கள் அந்த நேரத்தைக் கதவை எப்போது சாத்துவது, எப்போது திறப்பது என்பதற்குப் பயன்படுத்தினர். அடுப்பு அணைக்கப்படும், சமைத்த உணவில் தர்ப்பைப் புல் இடப்படும், கருவுற்ற பெண்கள் இருட்டறையில் அமர்த்தப்படுவர். கிரகணம் விட்டதும் வீட்டைக் கழுவிக் குளிப்பார்கள். பல கோயில்கள் நடை சாத்தப்படும்.

மரபு முழுவதும் கதவடைப்பையே சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். குருட்சேத்திரத்தில் சூரிய கிரகணத்தின்போது நீராடப் பெருந்திரள் கூடுவது பழைய வழக்கம். ராகு–கேது தலமான காளத்திக் கோயில் கிரகண நேரத்திலும் திறந்திருக்கும். கடற்கரைத் தலங்களில் தர்ப்பணம் செய்வோர் திறந்த வானத்தின் கீழேதான் நிற்கின்றனர். கிரகணத்தன்று மக்கள் கூடுவது இந்நாட்டுக்குப் புதிதாக வந்ததன்று. கூடியவர்கள் வானத்தைப் பார்ப்பதுதான் புதிது.

சென்னை வானாய்வகமும் ரகுநாதாச்சாரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரகணம் பார்ப்பது அரசு வானியலாளர்களின் வேலையாக இருந்தது. 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் முகாமிட்டனர். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையில் அப்போது காணப்பட்ட மஞ்சள் கோடு பின்னர் ஹீலியம் என்ற புதிய தனிமத்தின் அடையாளமாக அறியப்பட்டது. 1871 டிசம்பர் 12 அன்று இன்னொரு முழு கிரகணம் பேக்கல் கோட்டை, நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று தென்னகத்தைக் கடந்தது. பேக்கலில் லாக்கியரும், நீலகிரி மலையில் ஜான்சனும், அவினாசியில் போக்சனும் கருவிகளோடு காத்திருந்தனர். சுற்றுப்புற ஊர்மக்கள் இந்த முகாம்களில் சுமைகூலிகளாகவும் காவலர்களாகவும் இருந்தார்கள். தொலைநோக்கியில் கண் வைக்கும் முறை அவர்களுக்கு வரவில்லை.

இந்த நிலையை மாற்ற முயன்ற முதல் இந்தியர்களுள் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளம் வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் பணியில் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1868 கிரகணத்தை வனபர்த்தியில் இருந்து அவரே தனியாக ஆய்வு செய்தார். ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. நேரில் பார்த்த வானத்துக்குப் பொருந்தும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணித முறைப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார்.

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்ல இருந்தது. அதைப் பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ரகுநாதாச்சாரி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் அது வெளிவந்தது. நூல் உரையாடல் வடிவில் அமைந்தது குறிப்பிடத்தக்கது: ஒருவர் ஐயம் கேட்க மற்றவர் படம் காட்டி விளக்குகிறார். வானியலை ஆய்வகத்துக்கு வெளியே இருந்த இந்தியர்களிடம் அவர்கள் மொழியிலேயே கொண்டுசென்ற முயற்சிகளில் இது முன்னோடி. 1880இல் அவர் மறைந்த பின் அந்த வழியில் அவ்வளவு ஊக்கத்தோடு நடந்தவர்கள் நெடுங்காலத்துக்கு இல்லை.

1980: வெறிச்சோடிய தெருக்கள்

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன் முழு கிரகணத்தின் நிழல் கார்வார் பகுதியில் கரையேறி, கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒடிசாவின் பூரி, கொனாரக் கடற்கரையைக் கடந்து சென்றது. ஹைதராபாத்துக்கு அருகில் உள்ள ஜபல்–ரங்காபூர் வானாய்வகம் உள்ளிட்ட இடங்களில் இந்திய, வெளிநாட்டு அறிவியலாளர்கள் கூடியிருந்தனர். தமிழ்நாட்டில் பகுதி கிரகணம் தெரிந்தது.

பார்த்தவர்கள் மிகச் சிலர். நகரங்களில் கடைகள் அடைக்கப்பட்டன. பேருந்துகள் ஆளின்றி ஓடின. மக்களை வீட்டுக்குள் இருத்தி வைக்கும் பொருட்டுத் தூர்தர்ஷன் அன்று பிற்பகல் திரைப்படம் ஒளிபரப்பியது. பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய பொன்விழா டெஸ்ட் போட்டி பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. வழக்கத்துக்கு மாறாக மறுநாளே ஓய்வு நாளாக அறிவிக்கப்பட்டது. காரணம் கிரகணம். மைதானத்தில் கூடும் ஆயிரக்கணக்கானோர் சூரியனை அண்ணாந்து பார்த்துவிடுவார்களோ என்ற கவலை.

அன்றைய கதவடைப்புக்கு மூடநம்பிக்கையை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. அந்த வாரங்களில் செய்தித்தாள்களும் வானொலியும் திரும்பத் திரும்பச் சொன்னது கண் போய்விடும் என்ற எச்சரிக்கையை. எச்சரிக்கையில் பொய் இல்லை. வெறுங்கண்ணால் சூரியனை உற்றுப் பார்த்தால் கண்ணின் விழித்திரை சுடப்படும். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் சுடும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவே கருந்திட்டு தோன்றும்போதுதான் தெரியும். ஆனால் இது எந்த நாளிலும் உண்மை. கிரகணத்தன்று சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. மற்ற நாட்களில் கூச்சம் தாங்காமல் கண்ணை விலக்கிக்கொள்கிறோம், கிரகணத்தன்று ஆவல் மிகுந்து உற்றுப் பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. இந்த விளக்கம் மக்களை எட்டவில்லை. 'இப்படிப் பார்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பார்க்காதே' என்ற சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது. பாட்டி சொன்ன காரணமும் மருத்துவர் சொன்ன காரணமும் வேறு வேறு. இரண்டும் சேர்ந்து ஒரே கதவைச் சாத்தின.

கீற்று வேய்ந்த குடிசைகளில் ஒளிந்திருந்தவர்கள் அறியாமலே கிரகணத்தோடுதான் இருந்தார்கள் என்பது இதில் ஒரு வேடிக்கை. கூரை ஓலையின் சிறு துளைகள் வழியே மண்தரையில் விழும் ஒளிவட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பமே. பகுதி கிரகணத்தின்போது அவை அத்தனையும் பிறை வடிவமாகிவிடும். அந்தப் பிறைகளைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை.

மக்கள் அறிவியல் இயக்கங்கள்

சுட்டிக்காட்டும் ஆட்கள் உருவானது அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளில். கேரளத்தில் 1962 முதலே சாஸ்திர சாகித்ய பரிஷத் இயங்கி வந்தது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 1985இல் புதுவை அறிவியல் இயக்கமும் தொடங்கப்பட்டன. மத்திய அரசு 1982இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவை அமைத்தது. 1986இல் ஹாலி வால்மீன் வந்தபோது பல ஊர்களில் முதன்முதலாகத் தொலைநோக்கி மொட்டைமாடிக்கு ஏறியது. சர் சி. வி. ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்த பிப்ரவரி 28, 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே 1987ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து பாரத மக்கள் அறிவியல் பயணம் புறப்பட்டு, ராமனின் பிறந்தநாளான நவம்பர் 7 அன்று போபாலில் நிறைவடைந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் மாண்ட நகரம் அது. பாட்டு, தெருநாடகம், பொம்மலாட்டம் ஆகியவற்றோடு இக்கலைப்பயணங்கள் ஊர்களுக்குள் சென்றன. 1988இல் இந்த அமைப்புகள் சேர்ந்து அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு உருவானது. தொடர்ந்து அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெற்றது. 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வேலைகள் எதுவும் கிரகணத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் அடுத்த கிரகணம் வந்தபோது ஒரு மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்திலும் யாரிடம் சொன்னால் ஊர் கூடும் என்பது தெரிந்திருந்தது. ஆசிரியர், தபால்காரர், அறிவொளித் தொண்டராக இருந்த இளம்பெண் என ஒரு வலை தயாராக இருந்தது. 1980இல் இல்லாதது அந்த வலைதான்.

1995: திரும்பிய தலைகள்

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. கோயில்களின் முன் பால் செம்புகளோடு வரிசை நின்றது. கரண்டியைச் சாய்த்துச் சிலையில் ஒட்டியதும் பரப்பு இழுவிசையால் பால் மெல்லிய படலமாகச் சிலை மேல் வழிந்துவிடுகிறது என்பதை அறிவியலாளர்கள் நிறம் கலந்த பாலைக் கொண்டு செய்து காட்டினர். ஐந்து வாரத்துக்குள், தீபாவளியை ஒட்டி, அக்டோபர் 24 காலையில் முழு சூரிய கிரகணம் வந்தது.

இம்முறை முன்னேற்பாடு வேறு மாதிரி இருந்தது. விஞ்ஞான் பிரசார் நிறுவனமும் மக்கள் அறிவியல் அமைப்புகளும் சூரிய வடிகட்டித் தாள் பொருத்திய அட்டைக் கண்ணாடிகளை மலிவு விலையில் பரப்பின. ராஜஸ்தானின் நீம் கா தானா முதல் வங்கத்தின் டைமண்ட் ஹார்பர் வரை நிழல் கடந்த பாதையில் மக்கள் திரண்டனர். கிரகணம் முழுமையடையும் நொடியிலும் விடும் நொடியிலும் தோன்றும் ஒளிப்பொட்டுக்கு 'வைர மோதிரம்' என்று பெயர். அதை வைரத் துறைமுகம் என்ற பெயருள்ள ஊரில் பார்க்கும் வாய்ப்பைக் கொல்கத்தாக்காரர்கள் விடுவார்களா? இந்திய விமானப்படையின் மிக்-25 விமானம் உயரத்தில் பறந்து கிரகணத்தைப் படமெடுத்தது. தூர்தர்ஷன் இம்முறை திரைப்படம் போடாமல் கிரகணத்தையே நேரலையாகக் காட்டியது.

தமிழ்நாட்டில் தெரிந்தது பகுதி கிரகணமே. கதவடைத்தவர்கள் அன்றும் ஏராளம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதையும், அதற்கு எதுவும் நேராததையும் சன்னல் வழியே பார்த்தவர்களும் ஏராளம்.

திடலில் நடப்பவை

கிரகண விழாவின் செலவு மிகக் குறைவு என்பதே அது பரவியதற்கு ஒரு காரணம். பெரும்பாலும் விழா கிரகணத்துக்குச் சில வாரம் முன்பே பயிற்சி முகாமாகத் தொடங்கிவிடும். ஆசிரியர்களும் மாணவர்களும் கருவிகளைச் செய்து, வெறும் சூரியனிலேயே பழகிக்கொள்வர்.

எளியது ஊசித்துளை அட்டை. அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்ய வேண்டும். அட்டைக்கும் தாளுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் பிம்பம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சூரியன் தன் விட்டத்தைப் போல் 107 மடங்கு தொலைவில் இருப்பதால் வரும் கணக்கு இது. எட்டாம் வகுப்பு மாணவி அளவுகோலை வைத்து அளந்து, சூரியனின் தொலைவைச் சொல்லிவிட்டால் அதன் விட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஊசித்துளைக்கு அட்டைதான் வேண்டும் என்பதில்லை. சல்லடை, இடியாப்பத் தட்டு, குறுக்காகக் கோத்த இரு கைவிரல்கள், வேப்பமர நிழல் எதுவானாலும் தரையில் நூறு பிறைகளைக் கொட்டும்.

அதைவிடக் கூட்டத்துக்கு உகந்தது கண்ணாடித் துண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி மேல் சிறு துளையிட்ட கறுப்புத் தாளை ஒட்டி, வெயிலில் வைத்து, ஒளியை இருண்ட வகுப்பறையின் சுவருக்குத் திருப்ப வேண்டும். 20 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் 19 சென்டிமீட்டர் அகலச் சூரியன் தெரியும். சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருப்பது சிரமம் என்பதால், அதை ஒரு பந்தின் மேல் ஒட்டி வளையத்தில் உட்கார வைக்கும் உத்தி கையாளப்படுகிறது. விரலால் தொட்டால் எந்தத் திசைக்கும் திரும்பும். நூறு பேர் ஒரே நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிரகணம் பார்க்கலாம். வெளியே வர மறுக்கும் மூதாட்டிக்கும் அவர் அமர்ந்திருக்கும் அறைச் சுவரிலேயே அதைக் காட்டிவிடலாம். வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை மீறாமலே கிரகணத்தைப் பார்க்க வைக்கும் இந்தக் கருவி, நேரடி வாக்குவாதத்தைவிட அதிகம் சாதித்தது.

நேராகப் பார்க்க விரும்புவோருக்குத்தான் வடிகட்டிக் கண்ணாடி. சூரிய ஒளியில் லட்சத்தில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமாக மட்டுமே அது உள்ளே விட வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, குளிர்க்கண்ணாடி ஆகியவற்றைத் தொண்டர்கள் கண்டிப்பாக வாங்கி வைத்துவிடுவர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சாணம் அல்லது மஞ்சள் கரைத்த நீரில் சூரியனைப் பார்ப்பது பழைய முறை. பார்க்க வேண்டும் என்ற ஆவல் நம் முன்னோருக்கும் இருந்தது என்பதற்கு இது சான்று. பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சூரியன் உச்சியில் இருக்கும்போது நீரின் மேற்பரப்பு நூற்றுக்கு இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். அதாவது லட்சத்தில் இரண்டாயிரம். சாணம் கரைப்பதால் பாத்திரத்தின் அடிப்பகுதி தெரியாமல் போகுமே தவிர, மேற்பரப்பில் எதிரொளிக்கும் அளவு குறையாது.

தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தும் வழக்கம் தனிக்கதை. கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. தட்டையான அடியுள்ள உலக்கையைப் பொறுமையாக நேர் நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். நாமாகத் தள்ளாதவரை விழாது. பாட்டியையே அழைத்து முந்தைய நாள் நிறுத்திப் பார்க்கச் சொல்வதுதான் இதற்குச் சரியான ஆய்வு.

திடலில் சுண்டல், பிஸ்கட், தேநீர் கொடுப்பதற்கும் பொருள் உண்டு. கிரகண வேளையில் உண்ணக்கூடாது என்ற தடையைப் பலர் முன்னிலையில் உடைப்பதைப் பகுத்தறிவு இயக்கத்தினர் ஒரு நிகழ்ச்சியாகவே நடத்துவதுண்டு. மக்கள் அறிவியல் அமைப்புகள் அதைச் சற்றுத் தணிந்த குரலில் செய்தன. பசித்த குழந்தைக்கு முறுக்கு கொடுத்தால் அது தின்றுவிடும். அதன் தாய் பார்த்துக்கொண்டிருப்பார்.

1999 முதல் 2010 வரை

1999 ஆகஸ்ட் 11 முழு கிரகணம் குஜராத்தில் நுழைந்து ஆந்திரக் கடற்கரையில் வெளியேறியது. மழைக்காலம்; பெரும்பாலோர் மேகத்தைத்தான் பார்த்தனர். 2009 ஜூலை 22 கிரகணமும் மழைக்காலத்திலேயே வந்து பல ஊர்களை ஏமாற்றியது.

இடையில் 2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தது. 1882க்குப் பிறகு முதல் முறை. உயிரோடு இருந்த எவரும் அதற்கு முன் பார்த்திராத காட்சி. ரகுநாதாச்சாரி 130 ஆண்டுகளுக்கு முன் சிறு நூல் எழுதிய அதே நிகழ்ச்சிக்கு இப்போது பள்ளி மாணவர்கள் நேரக் கடிகாரத்தோடு நின்று, கரும்புள்ளி சூரிய விளிம்பைத் தொடும் நொடியைக் குறித்தனர். இரு வேறு இடங்களில் குறித்த நேரங்களை ஒப்பிட்டுச் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் சொன்ன முறையை அவர்கள் செய்து பார்த்தனர்.

2010 ஜனவரி 15 வளைய கிரகணம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. பொங்கலுக்கு மறுநாள், பள்ளி விடுமுறை. திருவனந்தபுரம், கன்னியாகுமரி, இராமேசுவரம் வழியாகக் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற பாதையில், தனுஷ்கோடியில் பத்து நிமிடத்துக்கு மேல் சூரியன் ஒளிவளையமாக நின்றது. அன்றே தை அமாவாசையும் கூட. இராமேசுவரத் தீவில் இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஒன்று அக்கினி தீர்த்தத்தில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்ய வந்தது. மற்றொன்று தொலைநோக்கிகளோடு தனுஷ்கோடி மணலில் காத்திருந்தது. இரண்டுக்கும் நாளைக் குறித்துக் கொடுத்தது ஒரே வானியல் கணக்கு: நிலவும் சூரியனும் ஒரே திசையில் வரும் நாள்.

2019 டிசம்பர் 26

148 ஆண்டுகளுக்கு முன் லாக்கியரும் போக்சனும் முகாமிட்ட அதே வழியில் ஏறத்தாழ மீண்டும் ஒரு கிரகணம் வந்தது. காசர்கோடு மாவட்டத்தில் நுழைந்த வளைய கிரகணம் நீலகிரி, கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக இலங்கைக்குச் சென்றது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, ஒன்பதரை மணியளவில் மூன்று நிமிடம் போல வளையம் தெரிந்து, பதினொன்றே காலுக்குள் விட்டது. அரையாண்டு விடுமுறையில் இருந்த பிள்ளைகள் திடல்களை நிரப்பினர். கோளரங்கங்களும் கல்லூரிகளும் அறிவியல் இயக்கக் கிளைகளும் தனித்தனியாக நிகழ்ச்சிகள் நடத்தின. 1871இல் அவினாசியில் தொலைநோக்கியைச் சுமந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், போக்சன் பார்த்ததைப் போன்ற ஒன்றை ஓர் அட்டைக் கண்ணாடியில் பார்த்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அதே காலையில் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் சிலரைப் பெற்றோர் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். கிரகணத்தின்போது அப்படிச் செய்தால் குறை நீங்கும் என்று நம்பினார்கள். அதிகாரிகள் வந்து மீட்கும் வரை குழந்தைகள் மண்ணுக்குள் அழுதுகொண்டிருந்தனர். கிரகண விழாக்கள் வெறும் பொழுதுபோக்கா என்று கேட்பவர்கள் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். மேலும், அந்தப் பெற்றோரைக் கேலி செய்து பரவிய பதிவுகள் மீட்புப் பணிக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. மருத்துவம் கைவிட்ட இடத்தில் கிரகணத்தை நம்பியவர்கள் அவர்கள். அந்த ஊருக்குக் கண்ணாடித் துண்டோடு யாரும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

2020 ஜூன் 21 வளைய கிரகணம் வட இந்தியாவில் தெரிந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் திடல்கள் மூடியிருந்தன. மக்கள் வீட்டில் இருந்தனர். காரணம் மட்டும் வேறு. மொட்டைமாடியில் சல்லடையைப் பிடித்தவர்கள் பிறைகளைப் படமெடுத்துக் கைபேசியில் பகிர்ந்துகொண்டனர்.

கிரகணம் இல்லாத ஆண்டுகளில்

ஓர் ஊரில் நல்ல கிரகணம் வருவது அரிது. அடுத்தது வரும் வரை தொண்டர்கள் கலைந்துபோவது இவ்விழாக்களின் பெருங்குறை. இதற்கு மாற்றாக அண்மைக் காலத்தில் பரவிவருவது நிழலில்லா நாள். கடகரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்கள் அனைத்திலும் ஆண்டுக்கு இருமுறை நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த கோலுக்கு அப்போது நிழல் இராது. சென்னைக்கு இது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டி வரும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, செப்டம்பர் 1 நாட்களையொட்டி. தேவையான பொருள் ஒரு நேரான குழாய், சமதளமான தரை. சென்னையில் நிழல் மறையும் நண்பகலில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கோலின் நிழல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இருக்கும். இரு ஊர்ப் பிள்ளைகளும் தொலைபேசியில் பேசி, அந்த அளவையும் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள வடக்கு–தெற்குத் தொலைவான சுமார் 555 கிலோமீட்டரையும் வைத்துக்கொண்டால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்கு இது. நல்லநேரம் கெட்டநேரம் என்ற சிக்கல் எதுவும் இல்லாததால் பள்ளிகள் தயக்கமின்றி நடத்துகின்றன.

தென்னிந்தியாவில் அடுத்து வரும் பெரிய வளைய கிரகணம் 2031 மே 21 அன்று. கேரளம், தென் தமிழகம் வழியாக அதன் பாதை செல்கிறது. கோடை விடுமுறைக் காலம்.